நடுவுல நிக்குற நாய்

இல்லல்ல, பயப்படாதீங்க, கடிக்காது. காலையே சுத்திச் சுத்தி வருது பாருங்க, அது இந்த ஜாதியோட குணம். ஆடு மேய்க்கப் பொறந்ததுங்க. காட்டூர்ல ஆட்டுக்கு எங்க போறது? அதான் வர்றவங்கள மேய்க்குது. உக்காருங்கம்மா. சிட்டு, தள்ளு. அக்கா உக்காரட்டும். என் பேரா? பிரான்சி. பிரான்சிக்கான்னே கூப்பிடுங்க.

ஷெல்டி நாய்க்குட்டிதான் வேணும்னு முடிவே பண்ணிட்டீங்களா? போட்டோல பாத்தா அழகாத்தான் இருக்கும். வளக்குறது லேசில்ல. இந்த முடி இருக்கே, ரெண்டு அடுக்கு. திருச்சி வெயிலுக்கு மொட்டையடிச்சு விடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, தோலு வெந்துடும். நல்லா சீவி விட்டாப் போதும். வெயில் ஏறுறதுக்குள்ள நடக்கக் கூட்டிட்டுப் போயிடணும். பூச்சி மருந்து டாக்டரைக் கேக்காம குடுக்கவே கூடாது, சிலது இதுங்களுக்கு ஆகவே ஆகாது. அப்புறம் காது. யாராவது கத்திப் பேசினா இதால தாங்கவே முடியாது. வீட்ல கத்திப் பேசுறவங்க யாராவது உண்டா? இல்லியா? சரி சரி, சும்மாதான் கேட்டேன்.

இது என்னோடது இல்லம்மா. மலர்க்கொடியோடது. முசிறிப் பொண்ணு, அப்பாவுக்கு வாழைத்தோப்பு. கல்யாணம் பண்ணி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவ. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டா பேச்சுத்துணைக்கு ஆளில்ல, நாய்க்குட்டி வேணும்னு என்கிட்ட வந்தா. எது அழகு, எது கொழுகொழுன்னு இருக்குன்னு ஒண்ணும் பாக்கல. பேசாம தரையில உக்காந்துட்டா. இருந்த குட்டியில இது மட்டும் போய் அவ சுடிதார் நுனியைக் கவ்வி இழுத்துச்சு. நான் எங்கக்கா பாத்து எடுத்தேன், இதுவே என்னைய புடிச்சிருச்சுன்னு சிரிச்சா.

முடி சீவ, நகம் வெட்ட இங்கதான் கூட்டியாருவா. மொதல்ல எல்லாம் வாய் ஓயாது. அவரும் நானும் ஆளுக்கொரு ரூம்ல இருந்தா சிட்டுக்குப் பொறுக்கலக்கா, ரெண்டு பேரையும் ஒரே எடத்துக்கு ஓட்டிட்டு வந்தப்புறம்தான் படுக்குதுன்னுவா. நல்லதுதானேன்னேன். அப்புறம் ஒரு தடவை வந்தவ, இப்பல்லாம் சேக்குறதில்லக்கா, நடுவுல நிக்குதுன்னா. என்னடி சொல்றன்னேன். அவர் உள்ள வந்தாலே எனக்கு முன்னாடி வந்து நிக்குது, என்னைய சொவரு பக்கமா தள்ளிட்டே போகுது, அதையும் தாண்டி அவர் கிட்ட வந்தா குதிகால்ல கவ்வுதுன்னா. சொல்லும்போதே துப்பட்டாவ இழுத்து இழுத்துக் கழுத்த மூடிக்கிட்டா. நான் பாத்துட்டேன்.

முசிறிக்குப் போயிடுடின்னேன். கோவம் வந்தாத்தான்க்கா அப்படி, மத்தபடி தங்கமானவர்னா. அந்தத் தங்கமானவர் நாயை யாருக்காவது குடுத்துடுன்னு ஒத்தக்கால்ல நின்னாராம். எதுக்கும் தலையாட்டுறவ, அதுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிட்டா. என்கிட்ட வந்து சொல்லும்போது மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

தண்ணி குடிங்கம்மா.

அந்த வாரமே மொட்டை மாடியில இருந்து விழுந்து செத்துட்டா. துணி காயப்போடப் போனாளாம், தலை சுத்திடுச்சாம். அவ வீட்டுக்காரர்தான் அப்படிச் சொன்னாரு, வேற யாரும் பாக்கல. நான் ஓடிப்போய் நிக்கிறேன், வாசல் பூரா கூட்டம். அவ அப்பா கால்ல செருப்பு கூட இல்லாம வந்து தரையில உக்காந்திருக்காரு. நாயை மட்டும் காணோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாத்ரூமுக்குள்ள இருந்து முனகல் வருது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. தொறந்தா, கதவு உள்பக்கம் பூரா கீறல். ரத்தம். இந்தக் காலைப் பாருங்க, இந்த ரெண்டு நகமும் அப்புறம் மொளைக்கவே இல்ல.

துணி காயப்போடப் போறவ நாயை எதுக்கும்மா பூட்டணும்? அவ எங்க போனாலும் அது பின்னாடியே போகும். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். நாய் நகத்தை வச்சு நாங்க என்னம்மா பண்றதுன்னு அனுப்பிட்டாங்க. அவ அப்பாவாலயும் ஒண்ணும் முடியல. நாயை மட்டும் நான் தூக்கிட்டு வந்துட்டேன். ஏன் எடுத்துட்டுப் போறீங்கன்னுகூட அவ வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேக்கல.

குட்டியா? குட்டி எதுவும் இல்லம்மா. நான் குட்டி குடுக்குறதையே விட்டுட்டேன். யார் போன் பண்ணாலும் இல்லன்னு சொல்லி வச்சிடுவேன். உங்ககிட்டயும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்களே, கல்யாணத்துக்கப்புறம் அவரோட ஃப்ளாட்ல வச்சு வளக்கப் போறேன்க்கான்னு சொல்லி, ஸ்ரீரங்கத்து அட்ரஸையும் சொன்னீங்க. அதான், நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்கன்னேன்.

மாப்பிள்ளை பேரு முருகானந்தம்தானேம்மா? மொத சம்சாரத்தப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காரு?