நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

ஹலோ... ஹலோ, மச்சான்! நான்தான்... மெதுவாப் பேசு. உங்கக்கா பக்கத்துல இருக்காளா?... அப்பாடா. ஒரு கயிறு எடுத்துக்கிட்டு பம்ப் ஹவுஸ் இறக்கத்துக்கு வா... எனக்கு ஒண்ணுமில்லடா, வண்டிதான் சேத்துல உக்காந்துருச்சு... ஆமா... ஆமா ஆமா, நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னேனே, அதே வண்டிதான்... சிரிக்காதே!

கேளு. மழையில மேட்டுல ஜம்முனு ஏறிச்சு. இறங்கறப்ப ஒரு வளைவு. ஸ்டீயரிங்கை ஒடிச்சேன், சக்கரம் திரும்பிச்சு, வண்டி திரும்பல. அது பாட்டுக்கு நேராப் போயி... வேகமா? கொஞ்சம் வேகந்தான். நாலு சக்கரமும் இழுக்குதே, என்ன பயம்னு... என்னது? இழுக்கத்தான் செய்யுமா, நிறுத்தாதா? இத வித்தவன் சொல்லவே இல்லியே!

டயரா?... மொட்டைதான். முன்னாடி வச்சிருந்தவர் போட்டது... நீ மாத்தச் சொன்னே, இல்லேங்கல. இத்தனை சமாச்சாரம் இருக்கற வண்டிக்கு டயர் எதுக்குடான்னு... சரி சரி, எல்லாத்துக்கும் கடைசியில ரப்பர்தான் தரையப் புடிக்கணும். ஒத்துக்கறேன், விடு.

எது? சறுக்குனா தானாவே பிரேக் புடிச்சு நேராக்குமே, அதா?... அது வந்து... அணைச்சு வச்சிருந்தேன். மழை வந்தா போதும், மஞ்சள் விளக்கு கண்ணச் சிமிட்டுது. சனியன், கோளாறுன்னு நெனச்சு பட்டனை அமுக்கிட்டேன்... ம்?... சிமிட்டுனாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தமா?... அட கடவுளே.

இங்க பாரு, உங்கக்காகிட்ட மூச்சு விட்டுறாதே. சாயங்காலம் அவ சின்ன வண்டிய வாங்க ஆள் வர்றாரு. இப்பேர்ப்பட்ட வண்டி இருக்கறப்ப உன் தகர டப்பா எதுக்குன்னு நான்தானே ஒத்தக் கால்ல நின்னேன்... தெரியும்டா, அழுதா. வேலைக்கு நானே கொண்டுபோயி விடறேன்னு சொல்லியிருக்கேன்ல... எப்படியா? இப்படித்தான்! குத்திக் காட்டாம கிளம்பு.

உன் வண்டி ரிப்பேரா? அப்ப எதுல வருவே?... அய்யோ, உங்கக்கா வண்டியா! சாவி கேட்டா அவளுக்குத் தெரிஞ்சுருமே... இப்பவே கேட்டுட்டியா? எதுக்குன்னும் சொல்லிட்டியா? நல்லா இருப்படா நீ... வேணாம், ஃபோனை அவகிட்ட குடுக்காதே. மச்சான், உன் கால்ல விழறேன், குடுக்...

என்னம்மா... இல்லம்மா, அடியெல்லாம் படல... கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாந்தான்... ஆமா. ஆமா. நீ சொன்னது சரிதான்... புது டயரா? உன் வண்டிக்கா? எப்ப போட்டே?... கெட்டிக்காரி!

வாங்கற ஆள் இப்பவே வந்துட்டாரா?... சரி, அந்த வண்டி விக்கறதுக்கில்லன்னு சொல்லிரு. தப்பு என்மேலதான்... முன்னாடியே சொல்லிட்டியா? நல்லதாப் போச்சு, மனசே லேசாயிருச்சு... அப்புறம் அவர் எதுக்கு உங்களோட இங்க வர்றாரு?

எந்த வண்டியப் பாக்க?... ஹலோ? அடியே... ஹலோ!