ஐந்தாவது ஓட்டை

கல்யாண முருங்கை செதுக்குவதற்கு லேசான மரம், சார். தண்ணீர் பட்டால் ஊறிப் பருத்து, அடைத்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த மரத்தை எடுத்தேன்.

பழவேற்காட்டு வியாபாரி தௌஃபீக் வாங்கிய பாய்ப்படகு பழையது. மேல்தளமும் அதற்குக் கீழே ஒரு அறையும் உண்டு. அடியில் ஐந்து ஓட்டைகள். என்ஜினுக்கும் கழிப்பறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் அவற்றின் வழியாகத்தான் தண்ணீர் வந்து போகும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதில் மாட்டிய ஓஸ் குழாய். ஓஸ் கழன்றால் கடல் உள்ளே வந்துவிடும்.

"ஓட்டைக்கு ஒரு கட்டை செதுக்கி, பக்கத்துலயே கட்டி உட்டுடுங்க கோதண்டண்ணே. அவசரத்துல தேடினு இருக்கக் கூடாது" என்றார் தௌஃபீக்.

படகைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், அங்கேயே தங்கிச் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டும் வேலையை என் தம்பி அஜித்குமாருக்குக் கொடுத்திருந்தார். தம்பியை வளர்த்தது நான்தான்.

அவன் ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தான்.

"இன்னாண்ணே, கேரட்டு மாதிரி கீது. சாம்பார்ல போட்டுடலாமா?"

நானும் சிரித்தேன்.

எங்கள் ஊரில் ஏரியில் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை உண்டு. பாடு என்போம். ஒரே வீட்டு ஆண்கள் இரண்டு பேர் இறங்க வேண்டும். கூலியாள் கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் போனால் எங்கள் பாடு இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். நான் மீஞ்சூரில் ஏதாவது கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டுக் காவலாளியாக நிற்க வேண்டும். இதை அவனிடம் பொறுமையாகச் சொன்னேன்.

"உன் பாட்டுக்காக நான் இங்கயே கெடந்து சாவணுமா?" என்றான்.

சாகச் சொல்லவில்லை. இருக்கத்தான் சொன்னேன்.

நான்கு கட்டைகளைக் கட்டினேன். ஐந்தாவது ஓட்டை அறையின் முன்பக்கம், தரைப்பலகைக்கு அடியில் இருந்தது. அதன் கட்டையை என்னிடமே வைத்துக்கொண்டேன். வால்வின் கைப்பிடியை எண்ணெய் போடக் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டவில்லை; அது இல்லாமல் வால்வை மூட முடியாது. ஓஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தினேன். எல்லாம் முடிந்தது என்று தௌஃபீக்கிடம் சொன்னேன்.

எங்கள் ஃபைபர் படகுகள் திறந்தவை, சார். தண்ணீர் மேலிருந்துதான் அடிக்கும். கண்டால் இறைப்போம். எங்கிருந்து வருகிறது என்று தேடும் பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. தம்பியும் வாளியைத்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். இறைத்துக் களைப்பான், பயப்படுவான், என்னைக் கூப்பிடுவான். இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான் என் எண்ணம்.

அவன் மனைவி வைஷ்ணவி சாமான்களோடு பஸ்ஸில் போய்விட்டாள். முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழி காட்ட நான் என் படகில் கூடப் போனேன். பாய்ப்படகு திட்டை நெருங்கும்போதே தாழ்ந்து போயிற்று. அவன் அறைக்குள்ளிருந்து வாளி வாளியாக இறைத்தான். நான் நினைத்தபடியேதான்.

பிறகு தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, தண்ணி நிக்கல. கயிறு போடு."

கயிறு என் கையில் இருந்தது. வீசினால் எட்டும் தூரம்.

"போவலன்னு சொல்லுடா."

"இன்னாண்ணே வெளையாடுற? கயிறப் போடு."

"ஒரு வார்த்த சொல்லு. இழுத்துனு போறேன்."

என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"போவேன்" என்றான். வாளியோடு மறுபடி உள்ளே இறங்கினான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தப் பிடிவாதம் உண்டு.

அடுத்த அலையில் படகு திரும்பி, திட்டின் மேல் புரண்டு விழுந்தது. அறை வாசல் மணலில் அழுந்திவிட்டது. உள்ளேயிருந்து தட்டினான். கயிற்றைக் கட்டி என்ஜின் போட்டு இழுத்திருந்தால் படகு நிமிர்ந்திருக்கும். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது எனக்கு அப்போதும் தெரியும். பக்கத்தில் போய், படகின்மேல் காதை வைத்து, "சொல்றா" என்றேன். தட்டினானே தவிர, சொல்லவில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று அப்போது கத்திச் சொன்னேன். கேட்டதா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

கொலை என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். என் தம்பியை நான்தான் கொன்றேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். கடைசிவரை அவன் பக்கத்திலேயே இருந்தேன். விட்டுவிட்டுப் போகப் பார்த்தவன் நான் இல்லை.