கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்

கடல்காகத்தில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஐயா. சத்தம்தான் கொஞ்சம் கூட. நீங்கள் கேட்கிறபடியால் சொல்கிறேன்.

நிருஷா என்கிற பிள்ளை பறவைகளைப் பற்றிப் படிக்கிறவள். போன வருசம் என்னுடைய மணல்திட்டுக்கு வந்தாள். தலைமன்னாரிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். நான் வாடிக் கொட்டில் போட்டு நெத்தலி காயவைக்கிற இடம். தூரக்கண்ணாடியால் ஒரு கடல்காகத்தைப் பார்த்தவள் அழுகிற மாதிரி நின்றாள்.

"அப்பு, இது வந்து போற பறவையில்லை. இந்த மண்ணிலயே பிறக்கிறது. உலகத்தில மிச்சம் ஒம்பதுதான்."

"நானும் இந்த மண்ணிலதான் பிறந்தனான், பிள்ளை. என்னை ஒருத்தரும் எண்ணேல்லை."

சிரித்தாள். அடையாளம் சொல்லித் தந்தாள். மற்றதுகளுக்குக் கால் மஞ்சள், இதற்குப் பச்சை கலந்த சாம்பல். சொண்டு நுனி கறுப்பு. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். படம் போட்ட மட்டையும் தந்தாள். திட்டைப் பாதுகாக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோருக்கு எழுதப் போகிறாளாம்.

பாதுகாப்பு என்றால் எனக்குத் தெரியும். எல்லைக் கல்லு நட்டு ஆளை எழுப்பிவிடுவார்கள். சண்டைக் காலத்தில் ஒருக்கால் நட்டார்கள். பன்னிரண்டு வருசம் இந்தியாவில் அகதி முகாமில் கிடந்தேன்.

அதனால் பழைய நண்டுவலையை விரித்தேன். கண்டபடி கொல்லுகிறவன் இல்லை நான். விழுந்த ஒவ்வொன்றையும் மட்டையோடு வைத்துப் பார்ப்பேன். கால் மஞ்சளென்றால் சிக்கெடுத்துப் பறக்கவிடுவேன். ஒன்றுக்குச் செட்டை முறிந்திருந்தது. ஒரு கிழமை மீன் போட்டுத் தேற்றினேன். சரியாகப் பொருந்தினது எட்டு. முட்டைகளைப் பொரித்துப் பார்த்தேன். வாயில் வைக்க ஏலாது.

பிறகு கந்தோர் ஆள் கடுதாசி நீட்டினார். அப்படியொரு பறவை இங்கே இல்லையென்று கையெழுத்து வைத்தேன். அதைக் காட்டித்தான் மண் அள்ளுகிற கொம்பனிக்குத் திட்டைக் கொடுத்தார்களாம். வாடியைக் கழற்ற எனக்கு இரண்டு கிழமை தவணை.

நிருஷா ஓடிவந்தாள். "ஒண்டு உயிரோட இருந்தாலே போதும் அப்பு, மறிச்சிடலாம். உங்கட வாடியும் தப்பும். கண்டால் உடன போன் எடுங்கோ."

அவள் போன பின்னேரமே வாடிக் கம்பில் ஒன்று வந்து இருந்தது. கால் பச்சைச் சாம்பல். சொண்டு நுனி கறுப்பு. கண்ணைச் சுற்றிச் சிவப்பு. போன் என் கையில்தான் இருந்தது.

ஆனால் இல்லையென்று கையெழுத்து வைத்தவன் நான், ஐயா. எழுபத்தொரு வயதில் பொய்யன் என்று பெயர் எடுக்கலாமோ? நெத்தலியை நீட்டினேன். பயமில்லாமல் கைக்கே வந்தது.

இப்போது அந்தக் கடுதாசியில் ஒரு பொய்யும் இல்லை.