மூன்றாவது குழாய்

ஒடெட்: நல்லா எண்ணிப் பாருங்க. குழாய் ரெண்டுதான் இருக்கு.

கிரெட்டா: மூணு.

ஒடெட்: எங்கங்க மூணு? டாய்லெட்டுக்குப் பெருசா ஒண்ணு, சுவத்தோரம் வாஷ்பேசினுக்கு ஒண்ணு. அவ்வளவுதானே தரையில நீட்டிக்கிட்டு இருக்கு?

கிரெட்டா: குளிக்கற இடத்துக்கு ஒண்ணு இருக்கணும். தரை போடறதுக்கு முன்னாடியே மூணையும் புதைச்சிடுவாங்க. பின்னால எப்பவாவது இந்த பேஸ்மென்ட்ல பாத்ரூம் கட்டினா இணைச்சுக்கலாம்னு.

ஒடெட்: புதைச்சவங்க ஒண்ணை மறந்திருக்கலாம்ல?

கிரெட்டா: மறக்கல.

ஒடெட்: அடேங்கப்பா, பிளம்பரம்மா... கூட இருந்து பாத்த மாதிரி!

கிரெட்டா: மறந்திருக்க மாட்டாங்கன்னு சொல்ல வந்தேன். அந்த ஃப்ரீசர் எப்பவும் அங்கதான் இருக்கா?

ஒடெட்: நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அங்கதான். உள்ள பூரா மான் கறி.

கிரெட்டா: ரூடி இன்னமும் வேட்டைக்குப் போறானா...

ஒடெட்: என்னது?

கிரெட்டா: இல்ல... உங்க வீட்டுக்காரர். ரூடின்னுதானே போன்ல சொன்னீங்க? இந்தக் குளிர்லயும் போறாரான்னு கேட்டேன்.

ஒடெட்: வேட்டையெல்லாம் பனி கொட்ட ஆரம்பிக்கும்போதே முடிஞ்சிடுமே. இது பிப்ரவரி. நீங்களும் இந்த வின்னிபெக் ஊர்க்காரங்கதானே?

கிரெட்டா: ...அந்தப் பக்கம் பிடிங்க. தள்ளிப் பாத்துடலாம்.

ஒடெட்: இருங்க இருங்க, வயர் மாட்டுது... ம்ம்ம்... யப்பா! கறியா, கல்லா?

கிரெட்டா: பாத்தீங்களா? தரை இங்க நிறம் வேற. யாரோ மேலாப்பல சிமென்ட் பூசியிருக்காங்க.

ஒடெட்: யாரோ என்ன? ரூடிதான். வேற யாரு இப்படி மேடும் பள்ளமுமா பூசுவாங்க?

கிரெட்டா: அது என்னமோ வாஸ்தவம்.

ஒடெட்: உங்களுக்கு எப்படித் தெரியும் வாஸ்தவமா இல்லையான்னு?

கிரெட்டா: பூசினதுதான் கண்ணு முன்னாடி இருக்கே. தள்ளி நில்லுங்க, சில்லு தெறிக்கும்... இந்தா. இருக்கு பாருங்க மூணாவது. மூடி கூட அப்படியே இருக்கு.

ஒடெட்: அட ஆமா! இதை எதுக்கு மூடி வச்சாரு இந்த மனுஷன்?

கிரெட்டா: அதான் எனக்கும் புரியல... சரி, இது ஷவருக்குன்னு விட்ட குழாய். அப்படியே இணைச்சிடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்.

ஒடெட்: ஷவர் வேண்டாங்க. குளிக்கற தொட்டி வைக்கணும்.

கிரெட்டா: தொட்டியா? வாடகைக்கு விடப் போறதாத்தானே சொன்னீங்க? வாடகை வீட்டுல யாரு தொட்டி வைப்பா?

ஒடெட்: வர்ற பொண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கு.

கிரெட்டா: குழந்தையை வாஷ்பேசின்ல கூடக் குளிப்பாட்டலாம். தொட்டின்னா தண்ணி இறங்கற வாய் ஓரத்துல வரணும். இது நடுவுல இருக்கு. தரையை உடைச்சு நகர்த்தணும்.

ஒடெட்: உடைங்க.

கிரெட்டா: சும்மா கிடக்கற தரையை எதுக்குங்க உடைக்கணும்?

ஒடெட்: அவளுக்கும் ஷவர் ஆகாது. மூஞ்சியில தண்ணி கொட்டினா மூச்சு முட்டும், சின்ன வயசுல இருந்தே.

கிரெட்டா: இப்படியும் வாடகைக்கு ஆள் பிடிப்பாங்களா? சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டு...

ஒடெட்: ...பேச்சுவாக்குல சொன்னா.

கிரெட்டா: என் பொண்ணும் அப்படித்தான். தலைக்கு ஊத்தறதுக்குள்ள தெருவே கூடிடும்.

ஒடெட்: ஓ... உங்களுக்குப் பொண்ணு இருக்கா?

கிரெட்டா: மூடியைக் கழட்டிட்டேன், அந்த வாளியை எடுங்க. தண்ணி போகுதான்னு முதல்ல பாப்போம். மெதுவா... ஊத்துங்க.

ஒடெட்: ஊத்தறேன்... நிக்குதே?

கிரெட்டா: நிக்கக் கூடாதே.

ஒடெட்: நிக்குதுங்க. இங்க பாருங்க, வாய் வரைக்கும் வந்துடுச்சு.

கிரெட்டா: எப்படி? சரிவு சரியாத்தானே கொடுத்தேன்...

ஒடெட்: கொடுத்தேனா?

கிரெட்டா: கொடுத்திருப்பாங்கன்னேன். ஐயோ, குழப்பாதீங்க. அந்தக் கம்பியை எடுங்க, நுனி வளைஞ்சிருக்கே, அது... ஏதோ மாட்டுது. துணி மாதிரி.

ஒடெட்: குழாய்க்குள்ள துணி எப்படி?

கிரெட்டா: தரை போடும்போது சிமென்ட் உள்ள விழாம இருக்கத் திணிப்பாங்க. வேலை முடிஞ்சதும் எடுத்துடணும். எடுக்காம விட்டிருக்கா.

ஒடெட்: விட்டிருக்காளா? பொம்பளையா குழாய் போட்டது?

கிரெட்டா: இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிங்க, சேந்து இழுக்கலாம்.

ஒடெட்: இழுங்க, வருது வருது... கர்மம், என்ன நாத்தம்! ஏங்க, இது பூப்போட்ட துணி. கவுன் மாதிரியில்ல இருக்கு? இந்தா பட்டன்கூட.

கிரெட்டா: கொடுங்க அதை.

ஒடெட்: சாக்கடைத் துணிங்க, குப்பையில போடலாம்.

கிரெட்டா: கொடுங்கன்னா கொடுங்க.

ஒடெட்: ...இந்தாங்க. உக்காருங்க முதல்ல. இந்த ஸ்டூல்ல.

கிரெட்டா: என்னோடது. எம்பொண்ணு வயித்துல, ஏழு மாசம் அப்ப. வயித்துக்குப் பத்தல, கிழிச்சு உள்ள அடைச்சேன். இந்த மூணு குழாயையும் மண்டி போட்டு நான்தான் போட்டேன், ஒடெட். நானும் ரூடியும் புருஷன் பொண்டாட்டியா இருந்தப்ப கட்டின வீடு இது. போன்ல சொல்லியிருக்கணும். சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டுருவீங்கன்னு...

ஒடெட்: தெரியும்.

கிரெட்டா: என்ன தெரியும்?

ஒடெட்: நீங்க யாருன்னு. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். நான் ரூடி பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டேன்? நீங்களும் தெரிஞ்சுதானே வந்தீங்க?

கிரெட்டா: அப்ப இவ்வளவு நேரம்... ஃப்ரீசரைத் தள்ளவிட்டு, வாளி வாளியா ஊத்தவிட்டு... எனக்கு ஒண்ணும் புரியல. ரூடி எங்க?

ஒடெட்: ஐஸ்ல கல்லு தள்ளற கர்லிங் ஆட்டத்துக்குப் போயிருக்கார். அவர் இல்லாத நேரமாப் பாத்துதான் உங்களை வரச் சொன்னேன்.

கிரெட்டா: எதுக்கு?

ஒடெட்: நீங்க முதல்ல சொல்லுங்க. உங்க பொண்ணு எங்க இருக்கா?

கிரெட்டா: ஹான்னாவா? ஆல்பர்ட்டால, ரெண்டு மாகாணம் தள்ளி. ஒருத்தனை நம்பிக் கிளம்பினா. போனா திரும்ப என் வாசப்படி மிதிக்காதேன்னேன். மிதிக்கல. பொறந்ததுல இருந்து என் பேச்சைக் கேட்டதே அந்த ஒரு தடவைதான்... போன் நம்பர்கூட மாத்திட்டா. ஏன் கேக்கறீங்க?

ஒடெட்: அவன் விட்டுட்டுப் போயிட்டான்.

கிரெட்டா: யாரு... உங்களுக்கு யாரு சொன்னா?

ஒடெட்: தொட்டி வேணும்னு அவதான் சொன்னா. வேற ஆள் போட்டா ஒழுகும், அம்மாவைக் கூப்பிடுங்கன்னும் அவதான் சொன்னா.

கிரெட்டா: கைக்குழந்தைன்னீங்களே... ஒடெட்? கைக்குழந்தைன்னு சொன்னீங்களே?

ஒடெட்: ஆமாங்க.

கிரெட்டா: கடவுளே... எப்ப வர்றா? எப்ப வர்றாங்க ரெண்டு பேரும்?

ஒடெட்: வந்தாச்சு. படிக்கு மேல, கதவுக்குப் பின்னால உக்காந்திருக்கா, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு. அம்மா குரல்ல கோபம் இருந்தா இறங்க மாட்டேன்னுட்டா... ஏதாவது சிரிச்சுப் பேசுங்க கிரெட்டா, மேல கேக்கற மாதிரி.