லெட்சுமியின் வயசு

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பஸ். வெளியே தூறல். பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் கழுத்துக் கயிற்றில் நம்பர் போட்ட ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை.

"கவர்மெண்டுல கொடுத்த மிக்ஸி போயிருச்சு, ஃபேனும் போயிருச்சு. அப்ப கொடுத்த ஆடு மட்டும்தான் இன்னும் சாகலக்கா."

"ஆடு எங்கடி அவ்வளவு காலம் இருக்கும்?"

"மொத ஆடு செத்தப்ப அது காதுல இருந்த இந்த வில்லையக் கழட்டி, அதோட குட்டிக்குக் கட்டுனேன். அது போனதும் அதோட குட்டிக்கு. இப்ப இவளுக்கு. எல்லாத்துக்கும் லெட்சுமின்னுதான் பேரு."

"மாட்டாஸ்பத்திரியில கேக்கலையா?"

"டாக்டர் நம்பரைப் பாத்துட்டு, 'இந்த ஆடு கெழடாயிருக்கணுமேம்மா'ன்னாரு. 'அதுதான் சார் இது'ன்னேன்."

மூத்தவள் சிரித்தாள். "செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

"சொன்னா வில்லையத் திருப்பிக் கேட்டுட்டா?"

பஸ் ஒரு வாய்க்கால் பாலம் ஏறி இறங்கியது. குட்டி கண்ணைத் திறந்து மூடியது.

"மொத ஆட்டுக்கு இதைக் குத்தும்போது காதைப் பிடிச்சுக்கிட்டது எங்க வீட்டுக்காரரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. அவரு கை பட்டதுல இது ஒண்ணுதான்க்கா இன்னும் உழைக்குது."