மாமியார் நின்ற இடம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. குடியிருப்பது ஆலைக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டி வரிசையில், மாடி வீடு. தொழில், மருந்து ஆலையில் கரைப்பான் கிடங்குப் பொறுப்பாளர். ஆலையில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கிடங்கு அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளி எழுந்து வந்தே வழி காட்டுவார். போன முறை இந்தக் காவல் நிலையத்தில் என்னைக் குற்றம் சாட்டப்பட்டவள் என்று உட்கார வைத்தார்கள். இன்று சாட்சி என்று உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி அதேதான். இன்று முதுகைச் சாய்த்து உட்கார முடிகிறது.

எங்கள் ஆலையில் இரண்டு இடங்களுக்குச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வாங்க முடிவானது. ஒன்று, மாத்திரை பொதியும் வெள்ளைக் கூடம். அங்கே தூசியும் புகையும் ஆகாது, டயர் தடம்கூடத் தரையில் விழக் கூடாது. மற்றொன்று என் கிடங்கு. அங்கே ட்ரம் ட்ரம்மாக அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் நிற்கும், அவற்றின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி பட்டால் போதும். அதுவரை நாங்கள் கையால் தள்ளும் வண்டியில்தான் ட்ரம்களை நகர்த்தி வந்தோம். கொள்முதலைப் பார்த்துக்கொள்பவர் முதலாளியின் மருமகன். ஆலையில் அவரைச் சின்னவர் என்போம். அவர், "கரண்டு வண்டிதானேக்கா, புகையா வரப்போகுது? ஒரே மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டா மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்" என்றார். அதற்கு நான், "கரண்டுன்னாலே உள்ள பொறி உண்டு தம்பி. அடுப்படித் துடைப்பத்தையும் கக்கூஸ் துடைப்பத்தையும் மாத்தி மாத்தி வெச்சுக்குவாங்களா உங்க வீட்ல?" என்று கேட்டேன். முதலாளி சிரித்துவிட்டார். சின்னவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம்.

அதன் பிறகு மூன்று நிறுவனத்தார் வந்து வண்டிகளைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். இதை அவர் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே முதலாளியிடமும் சின்னவரிடமும் சொல்லிவிட்டேன். வண்டியைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, பாதுகாப்புப் பொறியாளர். ஒரு நிறுவனத்தின் வண்டியில் மோட்டாரை மட்டும் இறுக மூடியிருந்தார்கள், பேட்டரி இணைப்புகள் திறந்து கிடந்தன. இன்னொன்றில் எல்லாம் மூடியிருந்தது, ஆனால் ஆவி கசிந்தால் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. தங்கை கணவர் காட்டிய வண்டியில் மின்சாரம் ஓடும் எல்லாப் பாகமும் கனமான இரும்புப் பெட்டிக்குள் இருந்தது, தூக்கும் கைகளுக்கு, உரசினாலும் பொறி பறக்காத பித்தளைத் தகடு போர்த்தியிருந்தது, முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறிய கருவி இருந்தது. காற்றில் ஆவி கலந்தால் அது மோப்பம் பிடித்து வண்டியை நிறுத்திவிடும். நாங்கள் அதை மூக்கு என்றோம்.

வண்டி வந்த புதிதில் சொன்ன பேச்சைக் கேட்டது. அதன் பிறகு கிடங்கின் கடைசி வரிசைக்கு, மூலைச் சுவர்ப் பக்கம் போனால் நிற்கத் தொடங்கியது. கீச்சென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும், தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். கதவுகளை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். நான் முதலில் ஓட்டுநரைத்தான் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் இறங்கி, "நீங்களே ஏறி ஓட்டுங்கக்கா. இவ மாமியார். எல்லா ரூமுக்கும் வருவா, அந்த மூலைக்குப் போனா மட்டும் மூஞ்சியத் தூக்கிக்குவா" என்றார். அன்று முதல் அந்த வண்டிக்கு மாமியார் என்றே பெயர் ஆகிவிட்டது.

லாரிகள் வெளியே வரிசை கட்டி நின்றன. சின்னவர் என்னை ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிட்டார். நான் தங்கை கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து வண்டியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான்க்கா இருக்கு. அது எதையோ மோந்து பாக்குது. எங்கேயோ கசியுது" என்றார். குழாய்களைத் தொட்டுப் பார்த்தோம், ஈரம் இல்லை. சுவரில் ஆள் உயரத்தில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பெட்டியில் பச்சை விளக்குதான் எரிந்தது. கதவுகள் அகலத் திறந்து கிடந்தன, வாசனையும் இல்லை. கிடங்கில் வேலை செய்யும் எல்லோரையும் கூப்பிட்டு மூலையில் நிறுத்திக் கேட்டேன், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறி, "இத்தனை பேரு இங்கதான் நாள் பூரா குப்பை கொட்றோம். எங்க மூக்கை எல்லாம் வாடகைக்கா விட்டிருக்கோம்? உங்க வண்டிக்கு மட்டுந்தான் மூக்கா? ஓட்டை வண்டியத் தலையில கட்டிட்டுக் கதை சொல்லாதீங்க" என்று முதலாளி அறை வாசலில் வைத்துக் கத்தினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை தங்கை தொலைபேசியில், "எம் புருஷனை நாலு பேர் முன்னால திருடன்னு சொன்னவ என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது, ஆனால் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஆலை தரப்பில் சின்னவர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். நானும் தங்கை கணவரும் உறவு என்பதால் கூட்டுச் சேர்ந்து, கெட்ட வண்டியைத் தெரிந்தே நிறுவனத்தின் தலையில் கட்டியதாகப் புகார். நான் கத்திய அதே வார்த்தையை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். புகார் நிரூபணமானால் என் வேலை போகும், தங்கை வீட்டில் அடுப்பு எரியாது, இரண்டு குடும்பமும் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டுக்காரி, "கமிஷன் எவ்வளவு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஆய்வாளர் சார், விசாரணைக்காக வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று தாங்கள் தேதி சொன்னீர்கள். அன்று காலை நான் அடுப்புக்கு முன்னால் நின்றபடி என்னென்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கணவர் மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்து, "பால் தீயுது! தெரு முனை வரைக்கும் நாறுது, நீ பாத்திரத்துக்கு நேரா நிக்கிறே. உனக்கு மூக்கு இருக்கிறது கண்ணாடி மாட்டத்தான்" என்று அடுப்பை அணைத்தார். பார்த்தால் பாத்திரம் கரி பிடித்திருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஆலைக்குப் போனேன். தாங்களும் ஒரு பெண் காவலரும் வந்தீர்கள். கிடங்கு வாசலில் வழக்கப்படி தொலைபேசி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் பெட்டியில் போடச் சொன்னேன். தாங்கள் தொலைபேசியையும் வயர்லெஸ் கருவியையும் போட்டீர்கள். லைட்டர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நான் சிகரெட்டை விட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்றீர்கள். ஓட்டுநர் மாமியாரை ஓட்டினார். கடைசி வரிசையில் அது வழக்கம் போலக் கீச்சென்று கத்தி நின்றது. சின்னவர், "பாத்தீங்களா சார்?" என்றார். அதன் பிறகு அவரே, "அந்த மூக்கைக் கழட்டிட்டு ஓட்டுங்க. ஓடுச்சுன்னா மூக்குதான் கெட்டுப் போச்சு. வேற மூக்கு வாங்கிக்கலாம், இவங்க மேல குடுத்த புகாரையும் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தங்கை முகம்தான் கண் முன்னால் வந்தது. "கழட்டுங்க" என்று நானும் சொல்லிவிட்டேன்.

மின் பணியாளரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆலையில் நிதானம் என்று பெயர். மாடிப்படி ஏறினாலும் ஒவ்வொரு படியிலும் யோசிப்பார். இத்தனை வருடமாக அதற்காகவே அவரைத் திட்டி வந்திருக்கிறேன். அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்து, அதைப் போட்டுக்கொண்டு, மூக்கின் ஒயர் போய்ச் சேரும் இரும்புப் பெட்டியின் திருகாணிகளை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, எந்தத் திருப்புளி என்று பையில் துழாவினார். காத்திருந்த நேரத்தில் தங்கள் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தேன். பேனாவை எடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கதவுப் பக்கம் நின்றிருந்த பெண் காவலர் உள்ளே வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா, இங்க யாராச்சும் நெயில் பாலிஷ் அழிக்கிறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டுநர், "மேடம், இங்க நகம் வளர்க்கவே நேரமில்ல" என்றார். வாசனை எதுவும் இல்லையே என்று ஆலைக்காரர்கள் எல்லோரும் மூச்சை இழுத்துக் காட்டினோம். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "தலை சுத்துது, அவ்வளவு வாடை. உங்களுக்கா தெரியல?" என்றார். எனக்குக் காலையில் தீய்ந்த பால் ஞாபகம் வந்தது. தெரு முனை வரை நாறியதாம், பாத்திரத்துக்கு நேராக நின்ற எனக்குத் தெரியவில்லை. ஐயோ, இங்கேயே கிடந்து கிடந்து எங்கள் எல்லோருக்கும் மூக்கு செத்துப் போயிருக்கிறது என்று அந்த நொடியில் புரிந்தது. நிதானம் அப்போதுதான் திருப்புளியைத் திருகாணியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கிறது, திறந்திருந்தால் ஒரு பொறி போதும்.

"கையை எடுங்க!" என்று கத்தினேன். என் தொண்டை அவ்வளவு உரக்கப் போகும் என்று எனக்கே தெரியாது. யாரும் எந்த விசையையும் தொடாதீர்கள், எதையும் கீழே போடாதீர்கள், அப்படியே நடந்து வெளியே போங்கள் என்றேன். சின்னவர், "இது என்ன புது நாடகம்?" என்றார். "நாடகம்னா வெளியே போய்க் கை தட்டிக்கலாம் தம்பி, நடங்க" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். முதலாளி வீட்டு மருமகனைத் தொட்டுத் தள்ளியது நான்தான், அதை மறுக்கவில்லை.

அதன் பிறகு ஆலையின் தீயணைப்புக் குழுவினர் வந்து, ஆவியை அளக்கும் கருவியைத் தரையோடு பிடித்து உள்ளே போனார்கள். வாசலைத் தாண்டியதுமே அது அலறத் தொடங்கியது. மூலைச் சுவருக்கு அடியில், தரைக்குள் போகும் குழாயின் இணைப்பு விட்டுப் போய், அசிட்டோன் துளித் துளியாகத் தரையிலுள்ள வடிகாலில் விழுந்திருக்கிறது. விழுந்த உடனே ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியவில்லை. அந்த ஆவி காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு படுத்துக் கிடந்திருக்கிறது, சுவரில் உயரத்தில் இருந்த பெட்டிக்கு எட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே மூக்கு வைத்த மாமியாருக்கு மட்டும் எட்டியிருக்கிறது. அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாங்கள் அவள் மூக்கை அறுக்கப் பார்த்தோம்.

நான் முற்றத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீரும் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வார்களே, அன்றுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், உள்ளே போன எல்லோரும் வெளியே இருந்தார்கள். நிதானம் திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, "இனிமே உங்களைச் சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டா என்னைச் செருப்பால அடிங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். சின்னவர் வெளிறிய முகத்தோடு தம் கையாலேயே எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். "அக்கா, இனி மாமியார் நின்னா நானும் நின்னுடறேன்" என்றார். மறுநாளே புகாரை வாபஸ் வாங்கினார். அதனால்தான் இன்று கசிவு பற்றிய விசாரணைக்கு நான் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மாலை தங்கை வீட்டுக்கு நடந்தே போனேன். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, தங்கை கணவரிடம் நான் சொன்னது தப்பு, நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னாலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர், "உள்ள வாங்கக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார். தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "வீட்ல அடுப்பை அணைச்சுட்டு வந்தியா?" என்று கேட்டாள். பால் கதை அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. நான் படியை மிதித்து உள்ளே போனேன்.

இன்னும் ஒன்று உள்ளது. அன்று எல்லோரும் வெளியே வந்து நின்றபோது, தாங்கள் படபடப்பில் பழக்க தோஷமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டீர்கள். லைட்டர் வந்தது. தாங்கள் அதைப் பார்த்தீர்கள், நான் தங்களைப் பார்த்தேன், பெண் காவலர் வேறு பக்கம் பார்த்தார். இந்தப் பகுதியை எழுத வேண்டாம், சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று தாங்கள் இப்போது கேட்கிறீர்கள். சார், எழுதுங்கள். நான் கத்தியதை எழுதினீர்கள், நான் கழற்றச் சொன்னதையும் எழுதினீர்கள், இதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.

மேலே சொன்னவை எல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் வாயால் சொன்னதும்தான். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)
கிடங்குப் பொறுப்பாளர்

என் முன்னிலையில் சாட்சி சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டப்பட்டது. சாட்சியின் விருப்பப்படி எந்த வரியும் நீக்கப்படவில்லை. மேற்படி லைட்டர் என்னுடையதே.

(கையொப்பம்)
காவல் ஆய்வாளர்