மூஞ்சூறு காதுல சொன்னது

சிங்கப்பூர் தேக்கா பஸ் ஸ்டாப்புல எம் பக்கத்துல ஒரு புருஷன் பெண்டாட்டி. கோயில்ல பூசின விபூதி இன்னும் அழியல, அதுக்குள்ள சண்டை.

"பகல்ல லேப்ல எலிக்கு ஊசி போட்டுக் கொல்றீங்க. சாயங்காலம் பிள்ளையாரோட மூஞ்சூறு காதுல ரகசியம் பேசுறீங்க. வெக்கமா இல்ல?"

"உன் சுகர் மாத்திரை பின்ன எப்படி வந்துச்சு? அதுங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் உனக்குக் குடுக்கறாங்க லா."

"அப்ப எனக்கு வேணாம். இன்னைலேர்ந்து போட மாட்டேன்."

"போடாத. செத்ததெல்லாம் வீணா செத்ததாவே இருக்கட்டும்."

என் பஸ் வந்துச்சு. நான் ஏறுவேனா?

அந்தப் பொண்ணு பையத் தொறந்து, தண்ணி இல்லாமலே ஒரு மாத்திரைய முழுங்கிட்டு அவர மொறைச்சுது.

"இப்ப சொல்லுங்க. அந்த மூஞ்சூறு காதுல என்ன கேட்டீங்க?"

"வேற வேலை வேணும்னு."